தலவில போய்த் திரும்பிய சைக்கிள்

எங்கள் அக்கா பேசாலையில் பிறந்தவர். அம்மா இளவயதில் காலமானபின் என்னையும் தங்கையையும் வளர்த்துப் படிப்பித்தவர் அவரே. யுத்தம் துரத்த வள்ளமேறிக் கற்பிட்டிக்கு வந்தோம். அக்கா அதன் அருகே எத்தாளையில் குடியமர்ந்து தையலால் வாழ்ந்தார். திருமணம் செய்யவில்லை. அந்நாளில் தைத்த உடுப்புகளை ஒரு பழைய பெண்கள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

முழங்கால் தேய்ந்து நடை குறைந்தபோது, அவரைச் சிலாபத்தில் உள்ள என் வீட்டுக்கு அழைத்துவர நானும் தங்கையும் தீர்மானித்தோம்.

"நடக்கத்தான் ஏலாது. சைக்கிள் ஓட ஏலும்" என்றார் அக்கா. "தலவில அன்னம்மாள் கோயிலுக்குத் தனியாப் போய்த் திரும்பினனெண்டால் என்னை இங்கயே விடவேணும். இல்லையெண்டால் மறுபேச்சில்லாமல் வாறன்."

இணங்கினோம். சைக்கிளோ பல ஆண்டுகளாகக் கொட்டிலில் கிடந்தது. முழங்கால் அதிகம் மடியாமல் மிதிக்க இருக்கையை உயர்த்த வேண்டும். உப்புக்காற்றில் இருக்கையைத் தாங்கும் குழாய் சட்டத்தோடு துருப்பிடித்து இறுகியிருந்தது. வள்ள இயந்திரங்கள் திருத்தும் காதர் நானா மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். பின்பு குழாயை இடுக்கியில் இறுக்கி, சட்டத்தையே பிடித்துத் திருப்பலாம் என்றார்.

"சட்டம் உடைஞ்சால்?"

"ஒடஞ்சா சிலாபத்துல நல்ல மீன் இருக்கு அக்கா, யோசிக்காதீங்க."

அக்காவும் நானாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பினர். டக்கென்று ஒரு சத்தம். அக்கா கையை எடுக்கவில்லை. நானா குனிந்து பொருத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"வெடிப்பில்ல. துருதான் விட்டிருக்கு."

சுருள்கம்பி வைத்த அகன்ற இருக்கை, நிமிர்ந்திருந்து பிடிக்க உயர்ந்த கைப்பிடி, புதிய டயர்கள் எல்லாம் பூட்டினார்.

அக்கா புறப்பட்ட காலை நான் ஓட்டோவில் பின்தொடர்ந்தேன். போகும்போது சிரமமிருக்கவில்லை. அன்னம்மாளுக்கு மெழுகுதிரி ஏற்றித் திரும்புகையில் வாடைக்காற்று எதிரே அடித்தது. உயர்ந்த கைப்பிடி அவரை நிமிர்த்தி வைத்திருந்ததால் காற்று முழுவதும் நெஞ்சில் மோதியது. முன்சில்லு தள்ளாடியது. ஒரு காலை ஊன்றி நின்றார். உதடு வெளுத்திருந்தது. நான் இறங்கி ஓடினேன்.

"காணும் அக்கா, ஏறுங்கோ."

"தொடாத."

"காத்துக்கு என்ன செய்யப்போறியள்?"

அவர் ஓட்டோவைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய மறைப்பைப் பின்னால வைச்சு என்ன பிரயோசனம்? முன்னுக்கு விடச் சொல்லு. மெல்லமாப் போகட்டும்."

"அது உதவியெல்லோ?"

"தனியா எண்டுதான் சொன்னனான். காத்தோட மல்லுக்கட்டுறன் எண்டு சொன்னனானே?"

ஓட்டோக்காரர் சிரித்துக்கொண்டே முன்னே எடுத்தார். எத்தாளை வரும்வரை திரும்பிப் பார்த்தபடியே இருந்தேன். இருமுறை சில்லு மணலில் வழுக்கியது. அவர் இறங்கவில்லை.

அதன்பின் சிலாபத்துக் கதையை நாங்கள் எடுக்கவில்லை. இறுதி நோயில் சைக்கிளேற முடியாது போனபோது, நானும் தங்கையும் எத்தாளைக்கு வந்து மாறி மாறித் தங்கினோம். தமது கட்டிலிலேயே கண்மூடினார்.

சைக்கிளைத் திருத்தித் தந்த காதர் நானாவுக்கும், நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த அயலவருக்கும், செபித்த பங்குத் தந்தைக்கும், பேசாலையிலிருந்து வந்த உறவினருக்கும் எங்கள் நன்றி. நீங்கள் எல்லோரும் வந்து வழியனுப்பியது அக்காவின் வீட்டிலிருந்தே.