முப்பத்தேழாம் நம்பர் கால்

ஆம்பூர் ஷூ கம்பெனியில், புது மாடல் செய்து பார்க்கும் சாம்பிள் ரூமில், ஜோதியை யாரும் ஜோதி என்று கூப்பிட்டதில்லை. "முப்பத்தேழு வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். வெளிநாட்டுப் பெண்களுக்குப் போகும் ஷூவில் முப்பத்தேழுதான் நடு அளவு. அந்த அளவை ஆண்டவன் ஸ்கேல் வைத்துப் பிடித்ததுபோல் இருந்தது ஜோதியின் கால். எந்த மாடலானாலும் முதலில் அவள் மாட்டிக்கொண்டு நாலடி நடந்து, குதிகாலில் சுழன்று, நுனிவிரலில் எழும்பி நின்று, "கடிக்கல சார்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தோல் வெட்டக் கத்தியை எடுப்பார்கள்.

நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு வந்த பெண்ணுக்குக் காலால் கிடைத்த யோகம் இது. வீட்டிலும் அந்தக் காலுக்குத் தனி மரியாதை. ஏலகிரிக்கு ஊரே நடந்து ஏறினாலும் அவளை மட்டும் வண்டியில் வைத்துத்தான் கூட்டிப்போவான் புருஷன் பஞ்சாட்சரம். "பொண்டாட்டி எனக்கு, கால் கம்பெனிக்கு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

போன வருஷம் அந்தக் கால் துரோகம் செய்தது. வலது பெருவிரலின் அடியில் எலும்பு முண்டு கட்டிக்கொண்டு வெளியே துருத்தியது. நடக்கும்போது லேசாக இழுத்தது. ஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு "கடிக்கல சார்" என்றே சொல்லிவந்தாள். ஆனால் சாம்பிள் மேனேஜர் முனீர் அகமதுவுக்குக் கண் கூர்மை. அடுத்த மாசம் ஷூ வாங்கும் வெளிநாட்டம்மா நேரில் வந்து ஃபிட்டிங் பார்க்கப்போகிறார் என்றும், அன்றைக்குக் கால் சரியில்லையென்றால் தையல் பிரிவு நிஷாவின் காலை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். நிஷாவுக்கு வயது இருபது. காலும் முப்பத்தேழு.

அந்த அம்மா தங்குவது வேலூர் நடு ஊரில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் பழைய சூட் ஓட்டலில். ஃபிட்டிங்கும் காலையில் அங்கேதான். ஜோதியின் ஊரான ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்தால் பாதம் வீங்கிவிடும். அதனால் முதல் நாளே வந்து ஓட்டலில் படுத்துக் காலை ஆற்றிக்கொள்ளச் சொன்னது கம்பெனி. அதுதான் அங்கே வழக்கம்; இந்த ஓட்டல்தான் ஜோதிக்குப் புதிது. முட்டையை வைக்கோலில் வைப்பதுபோல் காலைக் கொண்டுபோய் மெத்தையில் வைப்பார்கள்.

தோல் வியாபாரம் கொழித்த காலத்தில், மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கட்டிய ஓட்டல் அது. ஒற்றை அறை என்று ஒன்றுகூடக் கிடையாது. யாருக்கானாலும் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, மூலையில் சின்னச் சமையல் மேடை. நடுவில் கதவுக்குப் பதில் கனத்த திரைச்சீலை. மொசைக் தரை, பழைய தோல் சோபா, மழை பெய்தால் அந்த சோபாவிலிருந்து மாட்டுக் கொட்டகை வாசம்.

ஒரே அறை வீட்டில் பிறந்து, ஒரே அறை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் ஜோதி. சாவி கொண்டுவந்த ரூம் பாய் கவுஸ் பாஷாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். அவரிடம் அவள் கேட்டாள்.

"நான் ஒருத்தி. எதுக்கு பாய் ரெண்டு ரூமு? நான் இங்க இருக்கசொல்ல அங்க யாரு இருப்பாங்க?"

கவுஸ் பாஷா சிரிக்கவில்லை. "அதெல்லாம் கேக்காதம்மா. உன் சாமான உன்கூடவே வெச்சிக்க. அந்த ரூம்ல எதையும் விட்டுட்டு வராத."

வயசானவர், தனியாகப் பேசிப் பழகியவர் என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபிட்டிங் என்றால் விரலில் மெட்டி இருக்கக் கூடாது. ஜோதி ஒவ்வொரு முறையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். கழுத்துத் தாலியும் கால் மெட்டியும் உடம்பை விட்டுப் பிரியக் கூடாது என்று மாமியார் சொல்லிவைத்த பழக்கம். அன்றைக்கு இத்தனை மேஜை, இத்தனை இடம் பார்த்ததும் கை தாராளமாகிவிட்டது. மெட்டிகளைக் கழற்றி ஹால் மேஜையில், சாம்பிள் ஷூவின் பக்கத்தில் வைத்துவிட்டு, படுக்கையறைக்குப் போய் உப்பு வெந்நீரில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மத்தியானம். கீழே கடைத்தெருவில் ஆட்டோ இரைச்சல். அதற்கு நடுவே, திரைக்கு அந்தப் பக்கம், மெட்டிச் சத்தம்.

டக் டக் டக் டக். நின்றது. குதிகால் சுழலும் உரசல். பிறகு ஒரு சின்ன மௌனம், நுனிவிரலில் எழும்பி நிற்பவர்கள் மூச்சைப் பிடிக்கும் மௌனம்.

ஜோதி ஈரக் காலோடு போய்த் திரையை விலக்கினாள். ஹாலில் யாருமில்லை. மேஜையில் மெட்டியும் இல்லை. வாசலைப் பார்த்து வைத்திருந்த ஷூ ஜோடி அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் ஹாலுக்குள் வந்ததுமே, விட்டுவந்த படுக்கையறையில் நடை தொடங்கியது.

ஓடியிருக்க வேண்டியவள்தான். ஓடவில்லை, ஏனென்றால் அந்த நடையை அவளுக்குத் தெரியும். இழுப்பில்லாத, கனமில்லாத, சாம்பிள் ரூமில் முதல் நாள் நடந்து காட்டிய தன்னுடைய சொந்த நடை அது. இத்தனை வருஷமாக இவள் காலைப் பார்த்து வந்தவர்கள் படுத்து எழுந்த ஓட்டல். அவர்கள் பார்த்துவைத்த அந்தப் பழைய கால் எப்போது, எந்த அறையில் தங்கிப்போனதோ.

நடை திரையருகே வந்து நின்றது. திரைக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. முண்டு இல்லாத பாதங்கள். விரலில் அவளுடைய மெட்டி.

 ஜோதிக்கு நிஷா நினைவுக்கு வந்தாள். நாளைக் காலை நினைவுக்கு வந்தது.

"மெட்டிய நீயே வெச்சிக்க," என்றாள் மெல்ல. "கால மட்டும் குடு."

 பாதங்கள் ஒருமுறை நுனிவிரலில் எழும்பி இறங்கின.

மறுநாள் காலை ஷூ அவள் காலில் வெண்ணெய்போல் இறங்கியது. வெளிநாட்டம்மா மண்டியிட்டு விரல் நுனியை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். ஜோதி நடந்தாள், சுழன்றாள், எழும்பி நின்றாள். "கடிக்கல சார்" என்று ரொம்ப நாளைக்குப் பிறகு உண்மையைச் சொன்னாள். முனீர் அகமது அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றுக் காலாக அழைத்துவந்திருந்த நிஷா தையல் மெஷினுக்குத் திரும்பிப்போனாள்.

வேலை நிலைத்தது. வீட்டில்தான் பேஜார். பஞ்சாட்சரம் புது மெட்டி வாங்கிவந்தான், விரலில் நிற்கவில்லை. வேறு வாங்கினான், அதுவும் நழுவியது. இருபத்தைந்து வருஷம் மெட்டி போட்ட தழும்பு விரலில் இல்லை. கல்யாணமே ஆகாத கால். அவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு "கால் கம்பெனிக்கு" என்று சொல்லிச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டான்.

ஆறு மாசம் கழித்து அடுத்த ஃபிட்டிங் வந்தது. பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் என்று முனீர் அகமதுவிடம் கெஞ்சிப் பார்த்தாள். "கால் வீங்கிடும்மா. ஓட்டல்ல போய் ரெஸ்ட் எடு," என்று முடித்துவிட்டார்.

அதே மாடி, அதே சூட். கவுஸ் பாஷா சாவியை நீட்டினார்.

"இப்பல்லாம் இந்த ரூமுக்கு கிராக்கி கம்மி," என்றார். "பக்கத்து ரூம்ல ஒரு பொம்பள கால இழுத்து இழுத்து நடக்குதுன்றாங்க. நீ எதுனா விட்டுட்டுப் போனியாம்மா?"

 ஜோதி சாவியைத் துளையில் வைத்தாள், திருப்பவில்லை. திருப்பத் தேவையும் இருக்கவில்லை. உள்ளே மொசைக் தரையில் மெட்டி போட்ட ஒரு கால் டக்கென்று ஊன்றியது, இன்னொன்று உரசிக்கொண்டு வந்தது. மெதுவாக, வலியோடு, கதவைத் திறக்க வந்துகொண்டிருந்தது.