இரண்டு வயது குறைந்த தேசிய வீரன்

எனக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று ஆனியில் வரும். அன்றைக்கு அம்மா கோயிலுக்குப் போய் என் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்வார். மற்றது பங்குனியில். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கேக் வெட்டுவார்கள். ஆனிக்காரன் பங்குனிக்காரனைவிட ஏறத்தாழ இரண்டு வயது மூத்தவன். கடவுளுக்கு ஒருவனைத் தெரியும், கனடா அரசாங்கத்துக்கு மற்றவனைத் தெரியும். இரண்டு தரப்பும் சந்தித்துப் பேசிக்கொள்ளாதவரை எங்கள் வீட்டில் நிம்மதி.

அப்பா முதலில் மொன்றியலுக்கு வந்து உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் பின்னால் ஏஜென்சிக்காரன் மூலம் வந்தோம். அவன் தந்த பாஸ்போர்ட்டில் யாரோ ஒரு பெண்ணும் அவளுடைய ஐந்து வயதுப் பிள்ளையும் இருந்தார்கள். எனக்கு ஏழு. "பிளேனுக்குள்ள ஐஞ்சு, இறங்கின பிறகு ஏழு" என்று அவன் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினான். அம்மா வழியெல்லாம் அந்த ஐந்தையும் அதற்குரிய பிறந்த தேதியையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். இறங்கி, அகதி என்று சொல்லி, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, என் சொந்தப் பெயரையும் சொன்னார். பிள்ளைக்கு வயது என்ன என்று கேட்டதும் பயத்தில் ஐந்து வந்துவிட்டது. எழுதிக்கொண்டார்கள். அப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது முத்திரை விழுந்துவிட்டது. திருத்தப் போனால் ஏன் பொய் சொன்னாய் என்பார்கள், பிறகு மற்றதையெல்லாம் கிளறுவார்கள் என்று அவர் நடுங்கினார். ஆகவே என்னைப் பாலர் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்கள். மற்றப் பிள்ளைகள் என்னை உதவி ஆசிரியர் என்று நினைத்திருக்கக்கூடும்.

அதன்பிறகு நான் எதைத் தொட்டாலும் சாதனைதான். ஓட்டத்தில் முதல், கணக்கில் முதல். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை என்னைப் புகழப் புகழ, அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு பிரெஞ்சில் நன்றி சொல்வார், "மெர்சி, மெர்சி" என்று. பந்தைக் காலில் தந்தபோது மேதையே ஆகிவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே பத்து வயதுக்காரன் மேதையாகாமல் வேறென்ன ஆவான்?

இப்படியே வளர்ந்து, இரண்டாயிரத்துகளின் நடுவில், பேப்பரில் பதினாறு வயதான வசந்தகாலத்தில், தேசிய இளையோர் வளர்ச்சி அணிக்கு எடுக்கப்பட்டேன். நாட்டின் எதிர்காலம் என்று எங்களை நிற்கவைத்துப் பேசினார்கள். எதிர்காலத்தை அதுவரை எங்கே வைப்பது என்று தெரியாமல், மாகாணத்தின் வளர்ந்த ஆண்கள் விளையாடும் லீக்கில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஆம்பிளைகளோடு மோதினால் பிள்ளைகள் சீக்கிரம் முதிர்வார்களாம். எதிரே நின்றவர்கள் குழாய் பொருத்துகிறவர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், பீட்சாக் கடை முதலாளிகள். வாரம் முழுக்க வாங்கிய திட்டை ஞாயிற்றுக்கிழமை எங்கள் கணுக்காலில் இறக்கினார்கள். எங்களை "பெபே", அதாவது கைக்குழந்தை, என்றுதான் கூப்பிடுவார்கள். இடைவேளைக்கு சிகரெட் பிடித்துவிட்டு வந்து நான்கு கோல் போடுவார்கள். "முடிவு முக்கியமில்லை, வளர்ச்சிதான் முக்கியம்" என்பார் எங்கள் பயிற்சியாளர். கடைசி இடத்தில் முடித்தாலும் எங்களைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கக்கூடாது என்று விதியிலேயே எழுதியிருந்தார்கள். தோற்பதற்கு உத்தரவாதம் பெற்ற ஒரே அணி நாங்கள்தான்.

அந்த ஆண்களோடு தோளோடு தோள் மோதி நிற்கக்கூடியவன் நான் ஒருவன். இரண்டு கோல்கூடப் போட்டிருந்தேன். "வயதை மீறிய முதிர்ச்சி" என்று பயிற்சியாளர் தன் கொப்பியில் எழுதியதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதைவிடச் சரியாக யாரும் என்னைப் பற்றி எழுதியதில்லை.

அணியில் இன்னொரு தமிழ்ப் பெடியனும் இருந்தான். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம், செயின்ட்-மிஷேலில் வீடு. இங்கேயே ஆஸ்பத்திரியில் பிறந்தவன், ஆகையால் அவனுடைய பதினாறு உண்மையான பதினாறு. மெலிந்தவன், என் காதளவு உயரம். ஆனால் பந்து அவன் காலில் இருக்கும்போது அந்தப் பீட்சா முதலாளிகள்கூட வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். பிறகு சுதாரித்து, தள்ளி விழுத்துவார்கள். அவனுடைய தகப்பன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். என் அப்பா மாலையில் உணவகச் சமையலறையில் நிற்பதால், அந்த அங்கிள்தான் தன் காரில் பார்க் எக்ஸ் பகுதியில் எங்கள் வாசலுக்கு வந்து ஹோர்ன் அடித்து என்னையும் ஏற்றிக்கொண்டு அஹுன்ட்சிக் மைதானத்துக்குப் போவார். நாங்கள் இருவரும் பின்சீட்டில் பிரெஞ்சில் அலட்டிக்கொண்டு போவோம். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். அவனுக்கும் எனக்கும் ஒரே இடம், நடுக்களம்.

ஆனி மாதம் பயிற்சியாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இலையுதிர்காலத்தில் வெளிநாட்டில் போட்டி. நடுக்களத்துக்கு ஓர் இடம்தான் மிச்சம், உங்களில் ஒருவர்தான் போகலாம், மற்றவர் அணியைவிட்டே போக வேண்டும், கோடை முடிவில் சொல்வேன் என்றார். அந்த இடம் எனக்கு வேண்டும். வேறு எதையும் வாழ்க்கையில் அப்படி நான் விரும்பியதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ரொறன்ரோவில் இருக்கும் மாமிக்கு, அப்பாவின் தமக்கைக்கு, பெருமை பொங்கியது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். பிள்ளை பிறந்தாலும், நடந்தாலும், பல் முளைத்தாலும் தமிழ்ப் பத்திரிகையில் படம் போட்டு வாழ்த்த வேண்டும். மாமி அரைப்பக்கம் எடுத்தார். மார்பில் மேப்பிள் இலையோடு என் படம். மேலே ரோஜாப்பூ வளையம். "கனடாத் தேசிய உதைபந்தாட்ட அணியின் செல்வ நட்சத்திரத்துக்கு 18வது அகவை வாழ்த்து." கீழே வாழ்த்துவோர் வரிசை: லண்டன் சித்தி, பாரிஸ் மாமா, ஜெர்மனிப் பெரியப்பா. பிறந்த ஆண்டு, மாதம், தேதி எல்லாம் சுத்தமாக, சாதகத்தைப் பார்த்தே எழுதியிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுசி.

அந்தப் பத்திரிகை இலவசம். ரொறன்ரோவில் அச்சாகி வெள்ளிக்கிழமை மொன்றியலின் தமிழ்க் கடை வாசல்களில் கட்டுக்கட்டாக வந்திறங்கும். அப்பா மரக்கறி வாங்கப் போனவர், முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் என் முகத்தைப் பார்த்தார். முழுக்கட்டையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார்.

"வெள்ளைக்காரங்கள் எங்கட எழுத்தை வாசிக்க மாட்டாங்கள்தானே" என்றார் அம்மா.

"நம்பரை வாசிப்பாங்கள்! பதினெட்டு எண்டு கொட்டை எழுத்தில நிக்குது!"

அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக, அப்பா நகரத்தின் அத்தனை தமிழ்க் கடைகளுக்கும் போனார். இலக்கிய ஆர்வம் என்று கடைக்காரர்கள் நினைத்தார்களோ என்னவோ. பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஏறி இறங்கி, பொழுதுபடுவதற்குள் எங்கள் இரண்டறை வீட்டில் நானூறு ஐந்நூறு பிரதிகள் சேர்ந்துவிட்டன. கட்டிலுக்குக் கீழே நான், குளியலறையில் நான், அரிசி மூட்டைக்குப் பின்னால் நான். எங்கே திரும்பினாலும் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா தொலைபேசியில் மாமியை ஏசிய ஏச்சில் மாமி ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை. அவருக்கு என்ன பிழை விட்டோம் என்றே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினார்கள். திறந்தால் அங்கிள். மாதா கோயில் பூசைக்குப் போட்ட உடுப்போடு நேரே வந்திருந்தார். கையில் நான்காக மடித்த பத்திரிகை.

"ஒண்டை விட்டிட்டீங்கள் அண்ணை" என்றார். "கடையளில நீங்கள் அள்ளினதைக் கேள்விப்பட்டன். எங்கட கோயில் வாசலிலயும் வைக்கிறவங்கள்."

அப்பா அவசரமாகக் கதவைச் சாத்தினார். அம்மா தேத்தண்ணி போடப் போனவர், அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றார். நான் அறை வாசலில் நின்றேன். எனக்கு அப்போது தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன்: இந்த மனிதர் பயிற்சியாளரிடம் ஒரு சொல் சொன்னால் போதும், அவருடைய மகன் போவான், நான் வீட்டில் இருப்பேன். அவருடைய இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன்.

அங்கிள் பத்திரிகையை மேசையில் வைத்தார். "விசாப் பேப்பர் எண்டால் எங்கட சனத்தில எல்லாருக்கும் ஒரு கதை இருக்கு. நான் வந்த கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீங்கள். இதை ஆரிட்டயும் கதைக்க மாட்டன். வேற ஆரும் எடுக்க முதல் தருவம் எண்டுதான் வந்தனான்."

"பெடியன்கள் ரெண்டு பேருக்கும் ஒரு இடம்தானாம்..." என்று அப்பா தொடங்கினார்.

"ஓம், தெரியும்" என்றார் அங்கிள். தேத்தண்ணி வருவதற்குள் போய்விட்டார்.

அப்பா பெருமூச்சு விட்டார். நல்ல மனுசன், நல்ல மனுசன் என்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் கிடைத்தால் அவரை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொள்வதில் எங்கள் குடும்பத்துக்கு நிகர் கிடையாது. நான் அந்தக் கோடை முழுவதும் அவருடைய காரில் ஏறினேன், அவர் வாங்கித் தந்த டோனட்டைத் தின்றேன், மைதானத்தில் இறங்கி அவருடைய மகனைத் தோளால் இடித்துப் பந்தைப் பறித்தேன். அவன் விழுந்தெழுந்து, "நீ எப்படித்தான் இவ்வளவு பலமாக இருக்கிறாயோ" என்று பிரெஞ்சில் வியப்பான். முட்டை சாப்பிடு என்றேன். அடுத்த நாளிலிருந்து காலையில் மூன்று முட்டை சாப்பிட்டானாம்.

கோடை முடிவில் பயிற்சியாளர் இருவரையும் கூப்பிட்டார். அவனைப் பார்த்து, "உன் காலில் திறமை இருக்கிறது, ஆனால் உடம்பு இன்னும் குழந்தை உடம்பு. உன் வயதுதான் இவனுக்கும். இவனைப் பார்" என்று என் தோளில் தட்டினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அதுதான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாதது. குனிந்திருக்கலாம், குறைந்தது வேறு பக்கம் பார்த்திருக்கலாம்.

திரும்பும் வழியில் காரில் அவன் அழவில்லை. அடுத்த வருடம் வளர்ந்துவிடுவேன் என்று அம்மா சொல்கிறா, உன்னைப் போலவே வளர்வேன் என்றான். ஓம், வளர்வாய் என்றேன். அங்கிள் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு பஸ்ஸில் போவதென்று சீக்கிரமே வெளிக்கிட்டேன். வாசலில் ஹோர்ன் அடித்தது. அங்கிள்தான், தனியாக.

"அங்கிள், நான் பஸ்ஸில போறன்."

"ஏறும் தம்பி. பிந்தப்போகுது."

"உங்களுக்கு ஏன் கரைச்சல்..."

"திடீரெண்டு நான் உம்மை ஏத்திறதை விட்டால் அங்க ஆக்கள் ஏன் எண்டு கேப்பினம். ஏறும்."

முன்சீட்டில் ஏறினேன். கார் கிறெமசி வீதிக்கு வந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"தம்பிக்கு எத்தினை வயது?"

அவருக்குத் தெரியும். நூறு வீதம் தெரியும். வேறு யாரும் இல்லாத கார், கண்ணாடிகள் மூடியிருந்தன. வாழ்க்கையில் ஒருமுறையாவது உண்மையைச் சொல்ல அதைவிட வசதியான இடம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. மன்னிப்புக் கேட்கவும் அதுதான் இடம்.

"பதினாறு, அங்கிள்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "யோசிச்சுப்போட்டுச் சொல்லுறீர். அப்பிடிச் சொன்னால் பிடிபட்டிருவீர். கேட்ட உடன சொல்ல வேணும்."

விளக்கு பச்சையானது. மைதானம் வரும்வரை அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார், நான் சொல்லிக்கொண்டே போனேன்.