ஓட்டாமல் விட்ட ஒன்பது நிமிஷம்

எங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே ஒரு முழ நீளத்துக்குப் பிலிம் துண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு ஆள், ஒரு மேசை, மூன்று டம்ளர். அவ்வளவுதான். என் மனைவி இரண்டு தடவை அதைப் பழைய சாமானோடு போட எடுத்தாள். இரண்டு தடவையும் வாங்கி உள்ளே வைத்தேன். ஏன் என்று கேட்டாள், சொல்லவில்லை. சொல்வதென்றால் என் அக்கா வீட்டுக்காரரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது நான் சித்தூரில் ஒரு தியேட்டர் கேட்டில் நின்று டிக்கெட் கிழிப்பவன். கிழிப்பது சின்ன வேலை. படம் விட்டு வெளியே வருகிற ஜனம் வாசலைத் தாண்டுவதற்குள் என்ன பேசிக்கொள்கிறது என்று கேட்டு மேனேஜரிடம் சொல்வதுதான் பெரிய வேலை. எங்கள் பக்கத்தில் அதை 'டாக்' என்பார்கள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஜனங்களின் வாய்தான் புத்தகம். யார் எதைச் சொன்னாலும் அப்படியே மனசில் ஒட்டிக்கொள்ளும். "பேப்பர்காரன் எழுதறது பொய்யா இருக்கும், இவன் காது பொய் சொல்லாது" என்பார் மேனேஜர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தக் கோடையில் தெலுங்கில் குரல் கொடுத்த ஒரு இங்கிலீஷ் படம் வந்தது. உலகமே அழிந்து, மழை நின்றுபோய், மிச்சமிருக்கிற ஜனம் தண்ணீருக்கு அலைகிறது. ஒரு டிரம் தண்ணீருக்காக ஒருத்தனின் பெண்டாட்டியையும் பிள்ளையையும் மூன்று பேர் கொன்றுவிடுகிறார்கள். அவன் நடந்தே போய்த் தேடித்தேடி மூன்று பேரையும் தீர்க்கிறான். மூன்றாமவன் விழும்போது விசில் கூரையைப் பிய்க்கும். அதற்குப் பிறகு ஒன்பது நிமிஷம். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. டிரம்மைத் தோளில் சுமந்து வீட்டுக்கு வருகிறான். மேசைமேல் மூன்று டம்ளர் வைத்து, மூன்றிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, எதிரே உட்காருகிறான். படம் முடிந்துவிடும்.

முதல் நாள் ஜனம் சாவு வீட்டிலிருந்து வருவதுபோல வெளியே வந்தது. "டப்புலு இச்சி ஏடவாலா?" என்று காறித் துப்பினார் ஒருத்தர், காசு கொடுத்து அழணுமா என்று. "தண்ணி இல்லாத ஊரப் பார்க்க டிக்கெட் வேறயா? எங்க குடிபாலா ஏரியாண்ட வாடா, சும்மாவே காட்றேன்" என்றான் இன்னொருத்தன். "மூணு பேர வெட்டிட்டு வந்து டம்ளர் எடுத்து வெச்சிக்கினு குந்திக்கினானே, இதுக்கா அம்மாந்தூரம் நடந்தான்?" என்று அவன் கூட்டாளி சிரித்தான். வாசலில் முறுக்கு விற்கிற அம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து, "மூணாவது டம்ளர் சின்னதா இருந்துச்சு பாத்தியா, கொழந்த டம்ளரு" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். ஒரு ஆள் சொன்னது டாக் ஆகாது. அதை மேனேஜரிடம் நான் சொல்லவில்லை. "மூணாவது ஆள் சாவறதோட நிறுத்திட்டா படம் ஓடும் சார்" என்றேன்.

அப்படி வெட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. பாட்டு நீளமென்றால் பாட்டு போகும், அழுகை நீளமென்றால் அழுகை போகும். ஆபரேட்டர் கத்தரியை எடுத்தார். மறுநாளிலிருந்து ஜனம் விசிலோடு வெளியே வந்தது. மேனேஜர் என் முதுகில் தட்டினார்.

அதே வாரந்தான் அக்கா மாமாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். மாமாவின் தம்பியை, இரண்டு வருஷம் முன்னால், போர்வெல் தண்ணீர் யார் முறை என்கிற சண்டையில் பங்காளி ஒருத்தன் மண்வெட்டியால் அடித்துக் கொன்றிருந்தான். சாட்சி சொல்ல ஆளில்லாமல் கேஸ் விட்டுப்போய், அவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அப்போது எங்கள் ஊர்களில் பாதி வாலிபப் பிள்ளைகள் பெங்களூரில்தான். ஊர்த் திருவிழா, கங்கம்மா ஜாத்திரைக்கு மட்டும் எல்லாரும் திரும்பி வருவார்கள். "அவனும் வர்றானாம்டா தம்பி. ஜாத்திரை முடிஞ்சி அவன் பஸ் ஏறுற வரைக்கும் இந்தாள உங்கூடவே வெச்சிக்கோ. கண்ணுல படாம இருந்தா போதும், இந்தாளு கோவம் தானா ஆறிடும்" என்றாள் அக்கா.

மாமா கோழி அறுக்கவே பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுகிற மனுஷர். வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு சொலவடை விழும். "தண்ணி மேட்டுக்கு ஏறாது மச்சான், கோவம் மட்டும் ஏறும்" என்று தம்பி செத்த அன்றே சொன்னவர். தியேட்டரைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தோன்றவில்லை. காற்றாடி உண்டு, இருட்டு உண்டு, கேட்டில் நான் இருக்கிறேன். பகல் ஆட்டம் இரண்டுக்கும் பின்வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். என்ன படம் ஓடுகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அது டிக்கெட் கிழிக்கிற படம், அவ்வளவுதான்.

மூன்று நாள் அதையே பார்த்தார். மூன்றாம் நாள் ஆட்டம் விட்டதும் கூட்டத்தோடு வராமல் கடைசியாக வந்து என் எதிரில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மச்சான், அதுக்கப்புறம் அவன் என்ன ஆனான்?" என்றார். அடுத்த ஆட்டத்துக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜனம் நின்றது. நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "என்னாவான்? ஜெயிச்சுட்டான் மாமா, அவ்ளோதான்" என்றேன். "ஓ" என்றார்.

நாலாம் நாள் இடைவேளையில் சோடா கொண்டுபோனபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. நான் பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பம்புசெட் கொட்டகை முன்னால் போலீஸ் ஜீப் நின்றது. பங்காளி வாய்க்காலில் கிடந்தான். ஜாத்திரைக்கு எடுத்த புதுச்சட்டை அவன் மேலே இருந்தது. மாமா ஜீப்புக்குள் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா என்னை ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "உங்கிட்டதானேடா விட்டேன்?"

மாமாவுக்கு ஆயுள் தண்டனை. அக்கா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போய்த் துணி தைக்கிற கம்பெனியில் சேர்ந்தாள், திரும்பி வரவேயில்லை. ஆபரேட்டர் வெட்டின துண்டை ஒட்டாமலே படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. தரையில் கிடந்ததில் ஒரு முழம் நான் எடுத்துக்கொண்டேன். ஒரு சினிமா ஒரு மனுஷனைக் கொலைக்கு அனுப்பும் என்று நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் அவர் கேட்டார், எனக்குப் பதில் தெரியும், நான் சொல்லவில்லை.

பதினான்கு வருஷம் கழித்து அவரைத் திருச்சானூரில் பார்த்தேன். ஜெயிலிலிருந்து விட்டபின் ஒரு லாட்ஜில் அறை பெருக்கி, போர்வை துவைக்கிற வேலை. மொட்டை மாடியில் ஈரப் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். சிறுத்துப்போயிருந்தார். சொலவடை ஒன்றுகூட வரவில்லை. அக்காவைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் அந்த ஒன்பது நிமிஷத்தைச் சொன்னேன். டிரம், மேசை, டம்ளர், கடைசி டம்ளர் சின்னது என்பது வரைக்கும். வெட்டச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஊத்தினானே, குடிச்சானா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. குந்திக்கினே இருப்பான். படம் முடிஞ்சிடும்."

"குடிச்சிருப்பான்" என்றார் மாமா. "தாகம் எடுக்குமில்ல." எழுந்து போய்க் காய்ந்த போர்வையை மடிக்க ஆரம்பித்தார். மறுமுனையைப் பிடிக்க நான் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, நீளப் போர்வையை முகவாயில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மடித்தார்.

இன்று காலை டின்னைத் திறந்து பார்த்தேன். நிறமெல்லாம் போய்ப் பிலிம் முழுக்க ஒரே சிவப்பாக மாறியிருக்கிறது. ஆள் தெரிகிறான், டம்ளர் மூன்றும் தெரிகின்றன. அவன் கை மட்டும் கலங்கிப்போய்விட்டது. அது மேசைமேல் கிடக்கிறதா, டம்ளர் பக்கம் போகிறதா என்று எவ்வளவு நேரம் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை.