பலகை மட்டத்துக்குத் தண்ணீர்

மீன் பிடிக்கும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பாலர் பள்ளியில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வருபவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் ஒரே சுகம் தூக்கம். என் வீட்டுக்காரருக்கோ அந்த ஞாயிறுதான் உயிர். செனாய் தொழிற்சாலையில் வாரமெல்லாம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, விடிவதற்குள் கோத்தா திங்கி பக்கம் ஆற்றுக்குப் போய்விடுவார். புழு, இறால் எதுவும் கிடையாது. லூர் என்ற பிளாஸ்டிக் பொய் மீனை வேர்களுக்கு நடுவே வீசி, நிஜ மீன் என்று நம்பவைத்து சியாக்காப்பை ஏமாற்றிப் பிடிக்க வேண்டும். ஊரில் கொடுவா என்பார்களே, அந்த மீன்தான். "மீனை ஏமாத்தறதுக்கு இவ்வளவு செலவா? என்னை ஏமாத்தறதுக்குக்கூட நீங்க இவ்வளவு மெனக்கெட்டதில்ல" என்று நான் வம்பிழுப்பேன். சிரித்துக்கொண்டே போவார்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அவருடைய வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அதைத் தைரியமாகவே தாங்கினார். அவரை உடைத்தது அதற்குப் பிறகு வந்த ஒரு கல்யாணம். மண்டபம் மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. சொந்தக்காரப் பையன்கள் நாலு பேர் சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் நாதஸ்வரத்தைக்கூட விட்டுவிட்டு மண்டபமே திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதை ஃபோனில் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். அன்று பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கோயில் இல்லை, கடை இல்லை. கூட மீன் பிடித்த நண்பர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மருத்துவரைப் பார்க்கவும் நாள் தள்ளிப்போட்டார். டி.வி.க்கு முன்னால் அந்த நாற்காலியில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோவதை நான் தினமும் பார்த்தேன். பயமாக இருந்தது. இந்த மனுஷன் இப்படியே போய்விடுவாரோ என்று அடுப்படியில் நின்று யோசிப்பேன். கோபமும் வரும். கால்தானே போச்சு, நான் எங்கே போனேன் என்று கேட்கத் தோன்றும். கேட்கவில்லை.

அப்படித்தான் அந்த யோசனை வந்தது. அவரைக் கவனித்துக்கொள்ளும் ஆளாகக் கூடப் போனால் வரமாட்டார். மீன் பிடிக்கிற இன்னொரு ஆளாகப் போனால் வரலாம். அதற்கு முதலில் எனக்கு மீன் பிடிக்கத் தெரிய வேண்டும்.

ஃபேஸ்புக்கில் தேடி, படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்கச் சொல்லித்தரும் ஒரு கைடைப் பிடித்தேன். மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும். கறுப்புக் கண்ணாடி, கழுத்துவரை மூடிய சட்டை, எந்த நேரமும் ஏதாவது ஒரு வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார். நான் மட்டும் தனியாக வந்திறங்கியதைப் பார்த்து, "காக், புருஷன் எங்கே?" என்றார். காக் என்றால் மலாயில் அக்கா. "புருஷன் வர்றதுக்குத்தான் நான் வந்திருக்கேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. வீட்டில் நான் சொல்லிவிட்டு வந்தது மூவாரில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று.

முதல் வீச்சில் பொய் மீன் மரத்தில் மாட்டியது. அடுத்த வீச்சில் கைடின் தொப்பியில் மாட்டியது. "தோளை ஆட்டாதீங்க, மணிக்கட்டு மட்டும்" என்று அவர் பாதுகாப்பாகத் தள்ளி நின்று சொல்லிக்கொடுத்தார். தூண்டில் நரம்பை விரலால் பிடித்து, சரியான கணத்தில் விட வேண்டும். பாக்காவ் என்னும் சதுப்புநில மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கும் நிழலில் பொய் மீன் விழ வேண்டும். விழுந்ததும் இழுக்கக் கூடாது. காத்திருந்து, லேசாகச் சுண்டி, நிறுத்த வேண்டும்.

"எதுக்கு நிறுத்தணும்?"

"ஓடும்போது அது சும்மா பின்னாலேயே வரும் காக். நீங்க நிறுத்தும்போதுதான் கடிக்கும்."

எனக்கு நிறுத்தத்தான் வரவில்லை. பிறவியிலேயே அவசரக்காரி. மத்தியானம்வரை மாட்டியதெல்லாம் வேர்தான். கை எரிந்தது, முதுகு விட்டுப்போனது. சலித்துப்போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்று கோலை மடியில் சாய்த்தபோதுதான் பிடுங்கியது. நரம்பு கிறீச்சென்று ஓடியது. ஒரு வெள்ளி உடம்பு தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. "தொய்ய விடாதீங்க!" என்று கைட் கத்தினார். எப்படியோ படகுக்குள் வந்தது. என் முழங்கை நீளம் இருக்கும். அவர் படமெடுத்து முடித்ததும் விட்டுவிடச் சொன்னேன்.

படகு கட்டும் ஜெட்டிக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வீட்டில் என் பொய் ராத்திரி சாப்பாடுவரைகூடத் தாங்கவில்லை. கறுத்துப்போன என் முகத்தைப் பார்த்தார். நரம்பு அறுத்த விரலைப் பார்த்தார். "மூவார்ல வெயில் ரொம்பவோ?" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "எந்த லூர்ல அடிச்சுச்சு?" என்று கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு மீனைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. அன்று தூங்கப் போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஜெட்டியிலேருந்து படகுல நானே இறங்கிக்க முடியும்னா வர்றேன். யாரும் கை வைக்கக் கூடாது" என்றார்.

நாள் பார்த்தது நான்தான். சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டரை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். அமாவாசை, பௌர்ணமி கூடவே கூடாது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டோம், மீனாவது, பிடிப்பதாவது. அஷ்டமி, நவமி ஆகாது. தசமி நல்ல நாள். கைடுக்கும் அந்த நாள் ரொம்பப் பிடித்துப்போனது. கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் அந்த ஆற்றில் அன்று செத்த தண்ணீராம், ஓட்டம் குறைவு, கலங்கல் இருக்காது, மீன் நன்றாகக் கடிக்கும் என்றார். எல்லாம் கூடிவந்தது என்று சந்தோஷப்பட்டேன். செத்த தண்ணீர் என்றால் அதிகம் ஏறாத தண்ணீர் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

தசமி அன்று ஜெட்டிப் பலகையின் ஓரம்வரை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். நான் ஏறிய அன்று எட்டும் தூரத்தில் நின்ற படகு எங்கோ கீழே கிடந்தது. சிப்பி படிந்த இரும்பு ஏணி ஒன்று அதை நோக்கி இறங்கியது. கைட் பக்கத்துக் கம்பத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார், கம்பம் என்றால் கிராமம். அவர்கள் கைகளை நீட்டிக்கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார். "காரைத் திருப்பு" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு ஓட்டினேன். அதற்குப் பின் வந்த நாட்கள் முன்னைவிட மோசம். டி.வி.யையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் விழுங்குவார். ஒரு மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் நின்று கைடுக்கு ஃபோன் போட்டேன். படகு எந்த நாளில் பலகை மட்டத்துக்கு ஏறி வரும் என்று கேட்டேன்.

"பெரிய தண்ணி நாள்ல. நிலா இல்லாத அன்னிக்கு, இல்ல முழு நிலா அன்னிக்கு. உச்சி வேளைக்குப் பலகையைத் தொடும். ஆனா காக், அன்னிக்கு ஓட்டம் பேய் மாதிரி இருக்கும், தண்ணி கலங்கிப்போயிடும். மீன் கிடைக்கலைன்னா என்னைத் திட்டக் கூடாது."

"மீனை யாரு கேட்டா? எனக்குப் படகு மேல வரணும்."

அடுத்த அமாவாசையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவரிடமும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். "அமாவாசையா? நீயா சொல்ற?" என்றார். "நான்தான் சொல்றேன். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க கிளம்புங்க." அமாவாசை விடியற்காலையில் குளித்து விளக்கேற்றி, இந்த ஒருநாள் மன்னித்துக்கொள் என்று வேண்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

அன்று ஆறு நிறைந்து கிடந்தது. ஏணி மொத்தமும் தண்ணீருக்குள். படகின் விளிம்பு பலகையை உரசிக்கொண்டு நின்றது. கைட் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், கிட்டே வரவில்லை. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து பலகைக்கு இறங்கினார். கைகளை ஊன்றி ஓரத்துக்கு நகர்ந்தார். இடது காலைப் படகுக்குள் வைத்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவாரே, அப்படி மாறி உள்ளே உட்கார்ந்தார். "ம், போலாம்" என்றார்.

தண்ணீர் இறங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று கைட் முதலிலேயே சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம்தான். ஓட்டத்தில் என் பொய் மீன் எங்கெங்கோ போனது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வீசினார், ஒவ்வொன்றும் வேரடி நிழலில் போய் விழுந்தது. ஒன்றும் கடிக்கவில்லை. வேர்களில் ஈரக் கோடு தெரிய ஆரம்பித்தது. கைட் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"ஏங்க, தண்ணி இறங்குது. இப்பவே போனாத்தான்..."

"தெரியுது. இறங்கட்டும்." அவர் திரும்பவில்லை. "இறங்கும்போதுதான் சியாக்காப் வெளிய வரும்."

"இறங்கிட்டா எப்படிங்க மேல ஏறுவீங்க?"

இன்னொரு தடவை வீசினார். இருக்கட்டும் என்று நான் கைடுக்குக் கையைக் காட்டினேன். வேர்களிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. அவர் சுண்டினார், நிறுத்தினார், சுண்டினார். சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவருக்கு ஒரு மீன் கிடைத்தது. என்னுடையதைவிடச் சின்னதுதான். கைட் ஃபோனை எடுப்பதற்குள் தண்ணீரில் விட்டுவிட்டார்.

ஜெட்டிக்கு வந்து சேர்ந்தபோது பலகை என் தலைக்கு மேலே இருந்தது. கம்பத்து ஆட்கள் அதே இரண்டு பேர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். கையை நீட்டவில்லை, போன தடவை ஞாபகம் இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் கோலைப் பத்திரமாகக் கீழே வைத்தார். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் மேலே நீட்டினார். "வலது பக்கம் இடிக்காம தூக்குங்க" என்று மலாயில் சொன்னார். கைட் கீழேயிருந்து இடுப்பைத் தாங்க, மேலே இருந்தவர்கள் அக்குளில் பிடித்து இழுத்தார்கள். நடுவில் ஒரு கணம் அவர் படகிலும் இல்லாமல் பலகையிலும் இல்லாமல் தொங்கினார். ஆஸ்பத்திரியில்கூட அழாத நான் படகில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன்.

மேலே போனதும் அவர் நாற்காலியைக் கேட்கவில்லை. பலகையில் குப்புறப் படுத்து, ஏணிப் பக்கமாகத் தலையை நீட்டி, எனக்குக் கை கொடுத்தார். நானாகவே ஏறியிருப்பேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.