படுக்கையறைக்குப் போட்ட ஏர்கோன்

கோத்தா திங்கியில் ஆற்றை ஒட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஏர்கோன் பொருத்த நானும் என் மச்சானும் காலையிலேயே போய்விட்டோம். படுக்கையறையில் வீட்டுக்காரர் கிடந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். கல்லீரலில் புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அப்பா வெக்கையில் துடிக்கிறார் என்று கேட்டு, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ஏர்கோன் வாங்கி அனுப்பியிருந்தாள்.

சுவரைத் துளைக்க வேண்டும். அவரைக் கட்டிலோடு நகர்த்தக்கூட முடியாத நிலை.

"தூசி பறக்கும் அக்கா" என்றேன் அவர் மனைவியிடம்.

அந்த அக்கா ஒரு பெட்ஷீட்டை எடுத்துக் கணவரின் முகத்துக்கு மேல் கூடாரம்போல் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளை பெட்ஷீட். நான் அந்தப் பக்கம் பார்க்காமலேயே துளைத்து முடித்தேன்.

துணியை விலக்கியதும் அவர் கேட்டார். "எப்ப குளுரும்?"

"பைப்பு மட்டும் மாட்டணும்ண்ணே. கொஞ்ச நேரம்தான்."

"மெதுவா செய்ங்க. நான் எங்க லா போவப்போறேன்."

வெளியே உட்கார்ந்து செம்புக் குழாயை அளந்து வெட்டினேன். வெட்டிய வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிசிறைச் சுரண்ட வேண்டும். ஒரு துகள் உள்ளே போனாலும் மெஷின் கெட்டுவிடும். பிறகு நட்டைக் கோத்து, குழாயின் வாயைப் புனல்போல் விரிக்க வேண்டும். அதில் அவசரம் ஆகாது, விளிம்பு பிளந்துவிடும். இரண்டு ஸ்பேனர் போட்டு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்து நின்றான்.

"விட்டுரு மச்சான். அவரு போய்ட்டாரு."

சாமான்களை எடுத்துவைக்கத் தொடங்கினோம். அந்த அக்கா வெளியே வந்தார். அழவில்லை.

"முடிச்சிருங்க தம்பி. மக வேலையிலேருந்து கெளம்பிட்டா, சிங்கப்பூர் பாலத்து ஜாம்ல மாட்டிக்கிட்டா. அவ வர்ற வரைக்கும் இந்த வெயில்ல அவரு..." நான் ஸ்பேனரை மறுபடி எடுத்தேன்.

குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்காமல் குளிரூட்டும் கேஸைத் திறக்க முடியாது. பம்ப் இரைந்தது. உள்ளே பெண்கள் ஒப்பாரி வைக்க, வெளியே அந்த இரைச்சல். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து அதட்டினார். "சாவு வீட்டுல என்னாய்யா சத்தம்? நிறுத்துங்க."

"ஓடட்டும்" என்று உள்ளேயிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது.

ஏர்கோனை முடுக்கிவிட்டு ரிமோட்டை அந்த அக்காவிடம் கொடுத்தேன்.

"எவ்ளோ கொறைக்கலாம் தம்பி?"

"பதினாறு டிகிரி வரைக்கும்."

பதினாறில் வைத்துவிட்டுக் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அக்காவின் தோள்கள் நடுங்கின. எழுந்திருக்கவில்லை.

மகள் மத்தியானம்தான் வந்தாள். வேலையிடத்து அட்டை கழுத்தில் தொங்கியது. அப்பாவின் பாதத்தைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா இவ்ளோ ஜில்லுனு இருக்காரு?"

"ஏர்கோன்மா."

"அப்ப போட்டாச்சா? அப்பா குளுர்ல படுத்தாரா?"

தாய் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு மகளின் தலையைத் தடவினார்.

"ஆமாம்மா. நல்லா குளுந்துச்சு. அப்படியே தூங்கிட்டாரு."

உடலை ஹாலுக்குத் தூக்கிவர ஆள் போதவில்லை என்று எங்களையும் கூப்பிட்டார்கள். நான் தோள் பக்கம் பிடித்தேன். சட்டையைத் தாண்டி அந்தக் குளிர் என் கையில் ஏறியது. ஹாலில் ஒரே ஒரு காற்றாடிதான் சுற்றிக்கொண்டிருந்தது. கிடத்தி நிமிர்வதற்குள் எங்கள் எல்லோருக்கும் வேர்த்துவிட்டது.