அப்பா கேட்ட கதை

இன்று கையில் எடுத்த புதிய நாவலை எழுதியவர் ஓர் இளம்பெண். மூன்றாம் அத்தியாயத்திலேயே கதாநாயகி புருஷனை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். விவாகரத்து மனுவும் இல்லை, தாபரிப்புச் செலவு கேட்டு வழக்கும் இல்லை. அரசாங்கக் கச்சேரியில் மனுக்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இது பொறுக்குமா?

அம்மாவும் இப்படி ஒருத்தியின் கதையைத்தான், என் சின்ன வயதில் மழை பெய்த ஒரு ஞாயிறன்று, கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து அறையில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாத அக்கம்பக்கத்துப் பெண்கள் ஈர விறகுப் புகையில் கண்ணைக் கசக்கியபடி கேட்டார்கள். கதையில் அவள் பிள்ளையோடு பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். அந்த நேரம் பார்த்து அப்பா வாசலில் வந்து நின்றார். அம்மாவின் முந்தைய புத்தகத்தை அடுப்பில் போட்டவர் அவர்.

"ஏன் நிறுத்திட்ட? படி, நானும் கேக்குறேன்."

அம்மா நிமிரவில்லை. "அவள் வீட்டுக்கு ஓடிவந்து கணவனின் காலில் விழுந்து அழுதாள்," என்று வாசித்தாள்.

அம்மாவின் தோளில் சாய்ந்திருந்த நான் பக்கத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வரியே அங்கு இல்லை.

"இதுதான் கதை," என்ற அப்பா குடையை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனார்.

பக்கத்து வீட்டு ராக்காயி அத்தை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணன் போயிட்டாரு. கால்ல விழுந்தது போதும் அண்ணி, புத்தகத்துல உள்ளதப் படிங்க."