மாதா கோயிலுக்கு வாடைப்பக்கம்

காலை ஏழரைக்கு ஏரலில் பஸ் ஏறினேன். தூத்துக்குடி அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் முப்பது ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தது. இதை உல்லாசப் பயணம் என்று நினைத்துவிட வேண்டாம். பி.காம். முதலாண்டு மாணவி ஒருத்தி இன்டர்ன்ஷிப் தேடிப் போன கதை இது. கோடை விடுமுறையில் ஒரு மாதம் எங்காவது வேலை பழகி, அங்கிருந்து சான்று வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் கட்டளை.

கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை அப்பா முந்தின நாளே முடிவு செய்துவிட்டார். கடைத்தெருவில் அவருக்கு வேண்டியவர் ஒருவரின் உரக்கடை இருக்கிறது. "அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன். நீ சும்மா அலையாத. திங்கக்கிழம கடையில போயி உக்காரு. யூரியாவும் யாவாரந்தான?" என்றார். விவசாயி வீட்டில் பிறந்து யூரியா மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அதைப் பழக ஒரு மாதம் எதற்கு? எனக்குத் துறைமுகம் வேண்டும். கப்பல் வேண்டும்.

துறைமுகம் வேண்டும் என்று தோன்ற வைத்தவள் பிரின்சி பர்னாந்து. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. பெயரைச் சொன்னாலே கப்பலுக்குப் பெயர் வைத்த மாதிரி இருக்கும். என் பெயர் பேச்சியம்மாள். அவளுடைய மாமா புதுத் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுப்பவர். விடுமுறை விட்ட மறுநாளே பிரின்சி அவர் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள். கழுத்தில் அடையாள அட்டையோடு படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டாள். நானும் இதயம் போட்டேன். போட்ட விரலை ஒடித்துப் போடலாம் போல வந்தது. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடுவானேன்?

நானும் கண்ட கண்ட அலுவலகங்களுக்கெல்லாம் மெயில் அனுப்பிப் பார்த்தேன். ஒருவரும் பதில் போடவில்லை. இப்படி இருக்கும்போதுதான் முந்தின நாள் பிரின்சியே போன் செய்தாள்.

"ஏளா பேச்சி, பழைய துறைமுகத்துகிட்ட தோணி ஏஜென்ட் ஆபீஸ் ஒண்ணு இருக்கு. மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்துதவங்க. இன்டர்ன்ஷிப்புக்கு ஒரே ஒரு ஆளு எடுப்பாங்களாம். நாளைக்குப் பத்து மணிக்குள்ள போயிரு. அதுக்குமேல மேனேஜரு தோணிக்குக் கிளம்பிருவாரு" என்றாள். வழியை வாய்ஸ் மெசேஜில் அனுப்பி வைத்தாள்.

முக்காணி தாண்டியதும் கொஞ்ச தூரம் எங்கள் ஊர் மாதிரியே வாழைதான். பழையகாயலுக்கு அப்புறம் நிலம் வெளுக்கத் தொடங்குகிறது. முள்ளக்காட்டுப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளம், குவித்து வைத்த உப்பு, வெயிலில் கண் கூசும். முதல் முறை போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி கொண்டுபோவது நல்லது.

"எங்கன இறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

"மாதா கோயிலுக்குப் போணும்."

"பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்துருங்க. என்ன, வேண்டுதலா?"

"வேலைக்கு."

"அப்பம் அதையும் சேத்து வேண்டிக்கிடுங்க."

ஒன்பதேகாலுக்கு மாதா கோயில் முன்னால் நின்றேன். வெள்ளை வெளேரென்ற கோயில், எதிரே கடற்கரைச் சாலை. வாய்ஸ் மெசேஜை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். "கோயிலுக்கு முன்னால நின்னுக்கோ. அங்கன இருந்து வாடைப்பக்கமாவே நடளா. பச்சக் கதவு. யாருட்டயும் கேக்காண்டாம், நேரே வந்துரும்."

எங்கள் ஊரில் வாடை என்றால் மூக்கில் ஏறுவது. சாணி வாடை, பூச்சிமருந்து வாடை. கடற்கரைக்காரர்கள் மீன் வாடையை வைத்து வழி சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடலைப் பார்த்து நின்று மூச்சை இழுத்தேன். வலதுகைப் பக்கமிருந்து நல்ல கருவாட்டு வாடை வந்தது. சந்தோஷமாக அந்தப் பக்கம் நடந்தேன்.

அந்தச் சாலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இடதுபுறம் கடல், அலையே இல்லாமல் குளத்துத் தண்ணீர் போல் கிடக்கிறது. தூரத்தில் கப்பல்கள். சும்மா நிற்கிற கப்பலுக்கே அவ்வளவு அழகு. பிரின்சி தினமும் இதைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கியிருப்பாள். நான் பல் துலக்கும்போது தெரிவது எதிர்வீட்டு எருமை. அழகான இடத்தைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரிந்தது என்று வேறு எந்தப் பயணக் கட்டுரையிலாவது எழுதியிருக்கிறார்களா, தெரியவில்லை.

வாடை கூடக் கூட நடையும் வேகமாயிற்று. கடைசியில் வாடை உச்சத்துக்குப் போன இடத்தில் பச்சைக் கதவும் இல்லை, அலுவலகமும் இல்லை. மணலில் வலை விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். மணி பத்து ஆகிவிட்டது. பிரின்சிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவே இல்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரிடமும் கேட்காதே என்று ஏன் சொன்னாள்? நான் துறைமுகத்துக்கு வருவது அவளுக்குப் பொறுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜில் கத்தித் தீர்த்தேன்.

"நல்லா இருளா! வேணும்னே தான கருவாட்டுக் காட்டுக்கு அனுப்புன? நான் உரக்கடையில உக்காரணும், நீ மட்டும் கழுத்துல அட்டையத் தொங்கப் போட்டுட்டுத் திரியணும், அதான ஒனக்கு வேணும்?"

நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்தார். "யாரும்மா நீ? எதுக்கு இந்தச் சத்தம் போடுத?"

தோணி ஆபீஸ் தேடி வந்ததைச் சொல்லி, வாடையைப் பிடித்து வந்த கதையையும் சொன்னேன். அவர் தள்ளி நின்ற இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டார். "ஏளா ரீத்தா, இங்க வா! இந்தப் பிள்ள கருவாட்டு வாடையப் புடிச்சே வந்திருக்கா!"

இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"வாடைன்னா வடக்குல்லா. வாடக்காத்து எங்கன இருந்து அடிக்கும்? நாங்க அப்படித்தான் சொல்லுவோம். நீ நேர் தெக்க வந்துட்ட. ஓடு, ஆட்டோவப் புடி" என்றார் முதல் அக்கா.

மெசேஜை அழிக்கப் போனேன். நீல டிக் இரண்டும் விழுந்துவிட்டிருந்தன. வாடைக்கு நான் வைத்த அர்த்தத்தைச் சொல்லி, மன்னித்துக்கொள் என்று இன்னொன்று அனுப்பினேன்.

ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். வந்த வழியே மாதா கோயிலைத் தாண்டி வடக்கே போனால் பச்சைக் கதவு தானாகவே கண்ணில் படுகிறது. பத்தரை தாண்டிவிட்டது. மேனேஜர் கிளம்பியிருப்பார், உரக்கடைதான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். அவர் சட்டைப்பையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பேச்சியம்மாளா? ஏம்மா இவ்வளவு நேரம்? அந்த பர்னாந்து பிள்ள காலைல இருந்து போனுக்கு மேல போனு. இப்பங்கூட அடிச்சா. 'சார், என் பிரண்டு வழி தெரியாம நிக்கா, போயிராதீங்க'ன்னு. அவ தொல்லையில நான் இன்னும் தோணிக்குப் போகல."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. மாமா அவளுக்கு, கடல் அவளுக்கு, அழகான பெயரும் அவளுக்கு. போகட்டும். நல்ல குணமும் அவளுக்கேவா? அதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கலாம்.

தாமதத்துக்குக் காரணம் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அலுவலகமே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி.

"வெயில்ல நிப்பியா?"

"வயக்காட்டுல நின்னவதான் சார்."

"திங்கக்கிழம வா. சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு. பாஸ் போட்டுட்டா தோணிக்கே வந்து சரக்கு எண்ணலாம். இன்னைக்குத் துறைமுக வாசல்ல நின்னு பாத்துக்கோ."

வாசலில் நின்று பார்த்தேன். தோணி என்றால் நான் பரிசல் போல ஏதோ நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் நிறுத்தினால் இரண்டு பக்கத்து வீட்டையும் இடித்துத்தான் நிறுத்த வேண்டும். முழுக்க மரம். வெங்காய மூட்டையும் செங்கல்லும் ஏறிக்கொண்டிருந்தன. பலகை வழியாக ஆட்கள் ஏறி இறங்கினார்கள். திங்கட்கிழமை அந்தப் பலகையில் நான் ஏறுவேன். மனதுக்குள் இரண்டு தடவை ஏறிப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் ஒரு மணி பஸ்ஸில் திரும்பினேன். முள்ளக்காடு தாண்டும்போது பிரின்சியின் பதில் வந்தது. திட்டுதான் என்று நினைத்து, போனைக் காதோடு அழுத்தி வைத்துக் கேட்டேன்.

"கருவாட்டுக் காடா! நல்லாச் சிரிச்சேன்ளா. நீ அடிக்கும்போதெல்லாம் மேனேஜருகிட்டதான் பேசிக்கிட்டு இருந்தேன். ஆனா நீ கத்துனதுல பாதி நெசந்தான். அந்த ஆபீஸ்ல ஆளு எடுக்காங்கன்னு போன வாரமே எனக்குத் தெரியும். ஒனக்குச் சொல்லல. நான் போணும்னு ஆச. எங்கப்பா தோணியிலதான போறாரு. அங்கன எல்லாரும் நம்ம ஆளுக, பொம்பளப் பிள்ள வந்து நிக்கப்பிடாதுன்னுட்டாரு. இங்க ஏ.சி. ரூமுல ஜன்னலே கிடையாதுளா. துறைமுகத்துல இருந்துக்கிட்டு ஒரு கப்பலக் கண்ணால பாக்கல. நீ வெளியூர்க்காரி, ஒன்னய யாரும் கேக்க மாட்டாங்க. நீ தோணியில ஏறுவன்னு நெனச்சாலே வயிறு எரியுது. போ, நல்லா இரு."

கோபம் வந்திருக்கலாம். ஒரு வாரம் என்னைப் பதில் வராத மெயில்களுக்குக் காத்திருக்க விட்டிருக்கிறாள். ஆனால் நான் அதை மறுபடி போட்டுக் கேட்டேன். 'வயிறு எரியுது' என்ற இடத்துக்கு மட்டும் பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டேன். உப்பளம் முடிந்து வாழை தொடங்கியிருந்தது.

பக்கத்து இருக்கை அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்னம்மா, நல்ல சேதியா?"

"ஆமாம்மா. என் பிரண்டுக்கு என்னய நெனச்சா வயிறு எரியுதாம்" என்றேன்.